கடுமையும் கொடுமையும்

தோல்வியைப் பணங்கொடுத்து வாங்குவாரும் உளரோ எனின், உளர். அவர் தொகையும் சிறிதன்று. யப்பானிய நிறுவனமாகிய 'புறொம்சொவ்ற்வெயர்' 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்ட 'எல்டன் ரிங்' என்னும் வீடியோ விளையாட்டு, ஓராண்டளவில் இரண்டு கோடிப் பிரதிகள் விற்பனையாயிற்று. அதனை வாங்கியோர் தொடக்க மணித்தியாலங்களிற் கண்டது பெரும்பாலும் தம் பாத்திரத்தின் சாவையே. செத்தவர் மீண்டும் எழுந்தனர், மீண்டும் செத்தனர், அடுத்த நாளும் அதே இடத்துக்குச் சென்றனர். இவ்வாறு துன்பத்தை விலைக்கு வாங்கியோரிடம் காரணம் கேட்டால், அவர்களுட் பலர் கூறும் விடை ஒன்றே: "கடினந்தான், ஆனால் நியாயமானது." இச்சிறு வாக்கியத்தில் வரும் நியாயம் என்னும் சொல் எதனைக் குறிக்கின்றது? விளையாட்டுத்தானே என்று ஒதுக்கத்தக்க வினா அன்று இது. ஒருவர் இன்னொருவர்மேல் எத்தகைய துன்பத்தைச் சுமத்தலாம், சுமத்துபவர் எதற்குக் கடமைப்பட்டவர் என்னும் பழைய அறவியல் வினாவின் ஒரு கிளையே இதுவாகும்.

செயல்சார் பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும் இவ்வகையில், ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வலிமையைப் படிப்படியாக வளர்த்து, வாள்வீச்சையும் விலகலையும் தம் விரல்களாலேயே உரிய கணத்தில் நிகழ்த்துகின்றார். இவ்வகைக்கு இன்றுள்ள கடினப் புகழைப் பெரிதும் தேடித் தந்தவர் ஹிடெதக்கா மியசாக்கி. அவரது நெறியாள்கையில் 2009இல் 'டீமன்ஸ் சோல்ஸ்' வெளிவந்தது. சொனி நிறுவனத்தின் விளையாட்டு ஆக்கக் கூடங்களுக்குத் தலைவராயிருந்த சூஹெய் யொசிடா, அதனை முன்கூட்டியே ஆடிப்பார்த்து மிக மோசமானது என முடிவு செய்தமையைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். யப்பானில் அதனை வெளியிட்ட சொனி, மேற்குலகில் வெளியிட முன்வரவில்லை. வட அமெரிக்காவில் 'அற்லஸ்' என்னும் வேறொரு நிறுவனமே அவ்வாண்டில் அதனை வெளியிட்டது. இதற்காக யொசிடாவை நகைப்பது எளிது. ஆயின் சில மணித்தியாலங்கள் மட்டும் ஆடியவருக்குக் கடுமையும் கொடுமையும் ஒன்றாகவே தோன்றும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காலஞ்சென்றே புலப்படுகின்றது என்பதுதான் இப்பொருளின் சிக்கல்.

யாவர்க்கும் ஒரே அளவாயிருத்தலே நியாயம் என்று சிலர் கொள்வர். நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் வெற்றி என்னும் ஆட்டமும் யாவர்க்கும் ஒரே அளவினதே. ஆயினும் அதில் தோற்றவர் தம் தோல்வியிலிருந்து கற்பதற்கு ஒன்றுமில்லை. வெல்லக்கூடியது எதுவும் நியாயமானதே என்பர் வேறு சிலர். 1986இல் யப்பானிய நகைச்சுவை நடிகர் தக்கேசி கித்தானோவின் ஈடுபாட்டுடன் வந்த ஒரு விளையாட்டில், ஒரு கட்டத்தில் எதனையும் தொடாது ஒரு மணித்தியாலம் காத்திருந்தால் புதையற் படத்தின் கோடுகள் தெரியவரும். அதுவும் வெல்லக்கூடியதே. நியாயமானது என்று அதனைப் போற்றியவர் எவரேனும் இருப்பின், அவர் கித்தானோவின் நகைச்சுவையை அவரிலும் மேலாகச் சுவைத்தவராதல் வேண்டும்.

விளையாட்டைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த மெய்யியலாளருள் ஒருவர் பேணாட் சூட்ஸ். 1978இல் வெளிவந்த தமது நூலில், தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்ற கருத்தை அவர் நிறுவினார். கோல்ப் ஆடுபவர் பந்தைக் கையால் எடுத்துக் குழியில் இடலாம். ஆயினும் நெடுந்தொலைவில் நின்று கோலால் அடிக்கின்றார். ஆதலால், தடை கடினமானது என்பதொன்றே அதற்கு எதிரான குற்றச்சாட்டாகாது. தடையை நீக்கினால் விளையாட்டும் உடன் நீங்கும். எனினும் சூட்ஸ் கூறும் விரும்பி ஏற்றலில் ஒரு நிபந்தனை மறைந்து நிற்கின்றது. ஏற்கப்படுவது இன்னதென அறியாத இடத்தில் ஏற்றலுக்குப் பொருளில்லை. மலையேறச் சம்மதித்தவர் செங்குத்தான பாறைக்குச் சம்மதித்தவரே. வழிகாட்டி இரவில் வந்து கயிற்றை அறுப்பதற்குச் சம்மதித்தவர் அல்லர்.

இவ்விடத்தில் சட்டவியலாளர் லொன் புல்லர் துணைக்கு வருகின்றார். 1964இல் வெளிவந்த நூலொன்றில், சட்டம் இயற்ற முனைந்து எட்டு வழிகளில் தவறிய ஓர் அரசனின் கதையை அவர் புனைந்து கூறினார். விதிகளை மறைத்து வைத்தல், நடந்து முடிந்தவற்றுக்குப் பின்னர் விதி செய்தல், ஒன்றுக்கொன்று முரணானவற்றைக் கட்டளையிடல், செய்ய முடியாதவற்றைக் கேட்டல், அறிவித்த விதியொன்றாகவும் நடைமுறை வேறொன்றாகவும் இருத்தல் முதலியன அவ்வெட்டினுள் அடங்கும். அவ்வரசனின் குற்றம் அவனது சட்டங்கள் கடுமையாயிருந்தமை அன்று. அவற்றைக் கேட்டு ஒழுக எவராலும் இயலாது போனமையே. கடுமையான சட்டம் தன்கீழ் வாழ்வோரை அறிவுடையோராகவேனும் மதிக்கின்றது. மறைவான சட்டம் அதனையும் செய்வதில்லை. சட்டத்துக்குக் கூறப்பட்ட இது விளையாட்டு ஆக்குநருக்கும் முற்றாகப் பொருந்தும்; அவரும் தம் சிற்றுலகின் அரசரே.

தமிழில் விதி என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒழுங்குமுறையும் விதி; ஊழும் விதி. இலக்கணத்தின் விதியைக் கற்கலாம். தலைவிதியை அனுபவிக்கத்தான் முடியும். ஒரு சொல் இவ்விரண்டையும் தாங்கி நிற்பது தற்செயலோ அன்றோ, நியாயமான கடினத்துக்கும் வெறுப்பூட்டும் கடினத்துக்கும் இடையிலுள்ள கோடு இச்சொல்லின் நடுவேதான் செல்கின்றது. தோற்றவர் திரும்பிப் பார்த்து, "இதனாலே தோற்றேன்" என்று தம் செயலைச் சுட்டக்கூடுமாயின் அங்கே ஒழுங்கு உள்ளது. "இப்படி நேர்ந்துவிட்டது" என்று மட்டுமே கூற முடியுமாயின் அங்கே இருப்பது ஊழ்.

2011இல் வந்த 'டாக் சோல்ஸ்' இதற்கு நல்ல சான்று. தொடக்கத்திலேயே பேருருவம் கொண்ட அரக்கன் ஒருவன் கூரையிலிருந்து குதிக்கின்றான். ஆடுபவர் கையில் இருப்பதோ முறிந்த வாளின் பிடி. எதிர்த்து நின்றவர் பெரும்பாலும் மடிவர். மண்டபத்தைச் சுற்றி நோக்கியவர், பக்கத்தில் ஒரு வாயில் திறந்துகிடப்பதைக் காண்பர். அதன்வழி ஓடித் தப்பி, படைக்கலம் பெற்று, மேல்தளத்துக்கு ஏறி, அங்கிருந்து அவ்வரக்கனின் தலைமேற் குதித்து வாளைச் செருகலாம். கண்ணைப் பயன்படுத்து, ஓடுவது இழிவன்று, திரும்பி வரலாம் என்னும் மூன்று பாடங்களை ஆக்குநர் ஒரு சொல்லும் பேசாது புகட்டிவிடுகின்றார். இதே விளையாட்டில் ஒடுங்கிய விளிம்பொன்றில் ஏறிச் செல்லும்போது, பெருவில் ஏந்திய இரு வெள்ளி வீரர்கள் இருபுறமும் நின்று ஈட்டி போன்ற அம்புகளை எய்கின்றனர். ஆடியோர் பலரும் இன்றும் கசப்புடன் நினைவுகூரும் இடம் அது. ஆயினும் வீரர் இருவரும் கண்முன்னே நிற்கின்றனர். விளிம்பின் அகலம் தெரிகின்றது. அம்பு வரும் இடைவெளியும் மாறாதது. கடுமை உண்டு, கொடுமை இல்லை. அவ்வம்பு பட்டுப் பள்ளத்தில் வீழ்ந்தவர்கள் இத்தீர்ப்பை உடனே ஏற்பர் என்பதற்கில்லை.

இதனினும் நுட்பமானது பெட்டி வடிவப் பூதம். பொறிகள் நிறைந்த கோட்டையொன்றில் புதையற் பெட்டியைத் திறக்கப் போனவரை அப்பெட்டியே வாய்பிளந்து விழுங்குகின்றது. உண்மைப் பெட்டிக்கும் பூதத்துக்கும் வேறுபாடு உண்டு: பக்கத்துச் சங்கிலி கிடக்கும் முறை வேறு. ஆனால் அவ்வேறுபாட்டை முதன்முறை விழுங்கப்படுமுன் எவர் கவனிப்பார்? புல்லரின் கண்கொண்டு நோக்கினால், இது நிகழ்ந்தபின் அறிவிக்கப்பட்ட சட்டம் போன்றது அன்றோ என்னும் ஐயம் எழுகின்றது.

ஐயம் நியாயமானதே. இதற்கான விடை, அச்சாவின் விலையில் உள்ளது. 'டாக் சோல்ஸ்' உலகில் கொன்ற எதிரிகளிடமிருந்து பெறும் ஆன்மாக்களே செல்வம். அவற்றைக் கொண்டே வலிமை பெறலும் பொருள் வாங்கலும். செத்தவர் அவற்றைச் செத்த இடத்தில் விட்டுவிட்டு, இறுதியாக இளைப்பாறிய தீமூட்டத்தின் அருகே எழுகின்றார். அவ்விடத்துக்கு மீண்டும் உயிருடன் சென்றால் இழந்ததனைத்தும் அவர் கைக்கு வரும். இடையில் இன்னொருமுறை செத்தால் முற்றாக அழியும். முதற்பிழை கடனாக எழுதப்படுகின்றது, இரண்டாவது பிழையே தண்டமாகின்றது எனலாம். அறியாமையால் வந்த தோல்விக்கு விலை சிறிது. அறிந்தபின் வந்த தோல்விக்கு விலை பெரிது. விழுந்தே கற்கவேண்டிய இடத்தில் விழுவதற்கான விலை மீளத்தக்கதாயிருந்தால், ஆக்குநர் தம் கடமையைச் செய்தவராகின்றார்.

இவ்வளவுகோலை அதே விளையாட்டின்மீது வைக்கும்போது அதன் குறைகளும் வெளிப்படுகின்றன. நிலத்தடிக் கால்வாய்களில் வாழும் ஓணான் போன்ற பிராணிகளின் புகை பட்டால், பாத்திரம் கல்லாகிச் சாவதோடு சாபத்துக்கும் உள்ளாகின்றது. எழுந்தபின் அதன் உயிர்வலிமை பாதி. உரிய கல் முதலிய பரிகாரம் கிடைக்கும்வரை அது நீங்காது. முதலில் வெளிவந்த பதிப்பில் சாபம் சாபத்தின்மேல் அடுக்கப்பட்டு, பாதி காலாகவும் கால் அரைக்காலாகவும் குறையுமாறு இருந்தது. என்ன நேர்ந்தது என்றே அறியாத புதியவர், முன்னிலும் வலிமை குன்றியவராய் அதே உலகில் அலைய நேர்ந்தது. அறியாமைக்கு இத்துணைப் பெரிய விலை விதித்தல் முறையன்று என்பதை ஆக்குநரும் உணர்ந்தனர் போலும். பின்வந்த திருத்தம் சாபம் அடுக்கப்படுவதை நீக்கியது.

இறுதிப் பகுதியில் வரும் 'குழப்பத்தின் படுக்கை' என்னும் தலைமை எதிரியின் கதை இன்னும் வியப்பானது. அங்கே ஆடுபவரின் காலடியில் நிலம் இடிந்து விழுகின்றது. மரக்கிளை போன்ற கைகள் அவரைப் பள்ளத்துட் பெருக்கித் தள்ளுகின்றன. அதுவரை கற்ற போர்த்திறன் எதுவும் அங்கு உதவாது. மற்றெல்லாத் தலைமை எதிரிகளும் ஆடுபவர் செத்தவுடன் முழுவலிமையுடன் மீளுகையில், இங்கு மட்டும் ஒருமுறை அழித்த பகுதி அழிந்தவாறே இருக்கும். பொதுவிதியிலிருந்து இவ்விலக்கு ஏன்? நீதிபதி தாமே தீர்ப்பின் தவறை அறிந்து தண்டனையைக் குறைத்தது போன்றதே இது. மியசாக்கியும் இப்பகுதி தமக்கு நிறைவு தரவில்லை எனப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

2014இல் வந்த இரண்டாம் பாகத்தின் குற்றம் வேறுவகையானது. எதிரியின் வாள் உடல்மேற் படுங்கணத்தில் உருண்டு விலகினால், ஒரு சிறு பொழுதுக்கு அடிபடாத நிலை வாய்க்கும். முதற்பாகத்தில் இச்சிறு பொழுது சுமக்கும் கவசத்தின் எடையைச் சார்ந்திருந்தது. எடை கண்ணுக்குத் தெரிவது. இரண்டாம் பாகத்தில் அதனைப் பாத்திரத்தின் ஒரு பண்பெண்ணுடன் பிணைத்தனர்; அவ்வெண் குறைந்தவருக்கு விலகும் பொழுதும் குறையும். இச்செய்தி தெளிவாக எடுத்துரைக்கப்படவில்லை. தாம் உரிய கணத்தில் விலகியும் அடிபட்டவர், தம் விரல்களைக் குறைகூறிக்கொண்டு மேலும் மேலும் முயன்றார். இங்கு நிகழ்ந்த தீங்கு தோல்வி அன்று. பிழை எங்கே என்று தேடுபவரைப் பொய்யான இடத்தில் தேடவைத்ததே தீங்கு. நேர்மையாக உழைப்பவரின் தன்னம்பிக்கையை இதனைவிட வஞ்சகமாகச் சிதைக்கும் வழி அரிது.

கொடிய கடினத்துக்குப் பொருளியற் காரணமும் இருந்ததுண்டு. நாணயமிட்டு ஆடும் பொதுக்கூடப் பொறிகளின் காலத்தில், ஆடுபவர் விரைவில் தோற்றால் அடுத்த நாணயம் விழும். 1985இல் 'கப்கொம்' வெளியிட்ட 'கோஸ்ற்ஸ் அன்ட் கொப்ளின்ஸ்' என்னும் விளையாட்டில், முதல் அடியில் வீரனின் கவசம் உதிரும். இரண்டாம் அடியில் உயிர் போகும். அரும்பாடுபட்டு இறுதிவரை வென்றவருக்கு, இது யாவும் மாயை, மீண்டும் முதலிலிருந்து ஆடுக என்னும் செய்தி காட்டப்பட்டது. அக்காலத்துத் தோல்வி ஒரு வரி போன்றது. இன்று விளையாட்டு ஒருமுறை வாங்கப்படுவது. தோற்கடிப்பதால் ஆக்குநருக்கு நேரடி ஊதியம் இல்லை. ஆயின் பணத்தின் இடத்தில் காலம் வந்து நிற்கின்றது. தலைமை எதிரியிடம் தோற்றவர் அவனை அடைய மீண்டும் பல நிமிடங்கள் பழைய வழியே ஓடவேண்டியிருந்தது. ஓட்டம் எதனையும் கற்பிப்பதில்லை. கற்றதை மறக்கவே செய்கின்றது. 'எல்டன் ரிங்'கில் பல தலைமை எதிரிகளின் அருகிலேயே மீண்டெழும் தூண்கள் நடப்பட்டன. அதனால் விளையாட்டு எளிதாகிவிட்டது என எவரும் கூறவில்லை.

அவ்விளையாட்டிலேயே மார்கிற் என்னும் எதிரி கோலை ஓங்கியபின் அடிக்காது தாமதிக்கின்றான். ஓங்கிய கையைக் கண்டதும் உருளப் பழகிய பழைய ஆட்டக்காரர், உருண்டு முடிந்த கணத்தில் அடிபடுகின்றார். இதனை ஏமாற்று என்று பலர் வெகுண்டனர். மல்யுத்தத்திலும் துடுப்பாட்டத்திலும் போலி அசைவு உண்டு; அதனைப் படிப்பதும் கலையே. கோல் இறங்கும் கணம் கண்ணுக்குத் தெரியும்வரை இதில் அநீதி இல்லை. ஆனால் மருந்துக் குடுவையை எடுக்கப் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் சில எதிரிகள் பாய்வதாக ஆட்டக்காரர் முறையிடுவது வேறு வகையைச் சேரும். பாத்திரத்தின் கை அசையுமுன்பே எதிரி அறிகின்றான் எனின், அவன் பார்ப்பது வீரனை அன்று. திரைக்கு வெளியே அமர்ந்திருப்பவரின் விரலை. போர்க்களத்தில் நிற்கும் எதிரிக்கு அவ்வறிவு உரியதன்று. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறிப்பேட்டைத் திருட்டுத்தனமாகப் படிப்பது போன்றது அது.

இதுவரை கூறியவற்றில் ஒரு பெரிய ஊகம் மறைந்துள்ளது. அடையாளம் கண்ணுக்குத் தெரிகின்றது எனும்போது எவருடைய கண்ணுக்கு? உரிய கணத்தில் விலகலாம் எனும்போது எவருடைய விரலால்? நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர், ஒரு கையால் மட்டும் ஆடுபவர், நரம்புத் தளர்ச்சியுள்ளவர் ஆகியோருக்கு அதே அடையாளம் மறைவான சட்டமாகவும், அதே விலகல் செய்ய முடியாத கட்டளையாகவும் மாறிவிடுகின்றன. 2019இல் 'செக்கீரோ' வெளிவந்தபோது இவ்வினா பெரும் விவாதமாயிற்று. கடினத்தைக் குறைக்கும் தெரிவு அதில் இல்லை. யாவரும் ஒரே தடையைச் சந்தித்து, அதனைப் பற்றி ஒரே தளத்தில் நின்று உரையாடவேண்டும் என்பதே நோக்கம் என மியசாக்கி விளக்கினார். இக்கருத்தை இலேசாகத் தள்ளிவிட இயலாது. ஒரே மலையை ஏறியவர்களிடையே தோன்றும் உறவு, வெவ்வேறு குன்றுகளை ஏறியவர்களிடையே தோன்றுவதில்லை. ஆனால் அதனைத் தழுவி எழுந்த வேறொரு குரல் மதிக்கத்தக்கதன்று. எளிய வழி திறக்கப்பட்டால் தம் வெற்றி மலிந்துவிடும் என்று வென்றோர் சிலர் கூக்குரலிட்டனர். பிறர் நுழைய முடியாமையே தம் வெற்றியின் பெறுமதி எனக் கருதுபவர், தாம் கற்றதைப் பற்றிப் பேசவில்லை. வேலியைப் பற்றியே பேசுகின்றார்.

2020இல் முழுமையாக வெளியிடப்பட்ட 'ஹேடிஸ்' இதற்கு ஒரு வழி காட்டியது. விரும்புவோர் ஒரு தெரிவை ஏற்றால், படும் அடியில் நூற்றுக்கு இருபது குறையும். ஒவ்வொரு சாவுக்கும் மேலும் இரண்டு வீதம் குறையும். எதிரிகளின் அசைவு மாறுவதில்லை, கற்கவேண்டியது குறைவதுமில்லை. கற்பதற்குக் கிடைக்கும் அவகாசமே கூடுகின்றது. மலை அதே மலை. மூச்சுவாங்க நிற்கும் இடங்கள் மட்டும் அதிகம்.

வேலியைக் காப்போர் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. அவர்கள் போற்றும் 'சோல்ஸ்' விளையாட்டுகளில் உதவி என்பது தொடக்கத்திலிருந்தே உள்ளது. வெல்ல முடியாதவர் வேறெங்கோ ஆடிக்கொண்டிருக்கும் அறிமுகமற்றவரைத் தம் உலகுக்கு அழைத்து, இருவராக நின்று போரிடலாம். நிலத்தில் எச்சரிக்கை எழுதிவைக்கலாம். பின்வருபவர் அதனைப் பாராட்டினால், எழுதியவர் எங்கிருந்தாலும் அவர் பாத்திரத்தின் காயம் ஆறும். 'டீமன்ஸ் சோல்ஸ்' காலத்திலேயே இம்முறை இருந்தது. பாறை விளிம்பில் நின்று "குதி" என்று எழுதி, பின்வருபவரைப் பள்ளத்துள் அனுப்பி மகிழும் குறும்பரும் குறைவில்லை. அழைத்து உதவி பெறுவதை இழிவென்று ஏசுவோர், ஆக்குநர் தாமே அமைத்த வாயிலைப் பொய்வாயில் என்கின்றனர். 'செக்கீரோ'வில் மட்டும் இவ்வாயில் இல்லை. விவாதம் அதனைச் சுற்றியே மிகக் கடுமையாக மூண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வுதவி முறையின் தோற்றம் பற்றி மியசாக்கி நேர்காணலொன்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். கடும் பனி பொழிந்த ஒருநாள், மேட்டுப் பாதையில் வாகனங்கள் ஏறமுடியாது வழுக்கி நின்றன. பின்னால் வந்த வாகனம் முன்னால் நின்றதை முட்டித் தள்ள, அவ்வாறே ஒன்றையொன்று தள்ளி வரிசை முழுவதும் மெல்ல மேலேறிற்று. இறங்கி நன்றி கூற நின்றால் மீண்டும் சிக்கிக்கொள்ள நேரிடும். ஆதலால் எவரும் நிற்கவில்லை. வீடு திரும்புகையில் அவர் மனத்தில் எழுந்த வினா, வரிசையின் கடைசியில் நின்றவரைத் தள்ளுவதற்கு எவரும் இல்லையே, அவர் மேடேறி வீடு சேர்ந்தாரோ என்பதாம்.